ஒரு சாண் தள்ளி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கடித உறை நேற்று வந்து சேர்ந்தது. செல்போனின் முதுகில் ஒட்டினால் கதிர்வீச்சை உறிஞ்சிவிடும் என்று எழுதி அதற்குள் இருந்த தங்கநிற ஸ்டிக்கரை நான் ஒட்டவில்லை. நீ ஒட்டியிருந்தால் உரித்துவிடு. அது ஒன்றும் செய்யாவிட்டால் பணம் மட்டுமே நட்டம். போன் அனுப்பும் ரேடியோ அலையை உண்மையாகவே மறைக்குமானால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் டவரை எட்டத் திணறும் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டுதான் பேசும்.

இரவில் நீ அழைக்கும்போது குரல் விட்டுவிட்டு வருவதிலிருந்து, சிக்னல் ஒரே கோட்டில் நிற்கும் அந்த அடித்தள அறையிலிருந்துதான் பேசுகிறாய் என்று தெரிகிறது. சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் முணுமுணுப்பதைப் போல அலையை அனுப்பும் அதே கருவி, அங்கே நூறு மடங்குக்கும் மேலாகக் கூட்டிக் கத்த வேண்டியிருக்கும். நீ சிறுமியாக இருந்தபோது, போனில் மணி அடிப்பதற்குச் சற்று முன்பே பக்கத்திலிருந்த ரேடியோ 'டிர்டிர்' என்று உறுமுமே, அது அந்தக் கால 2ஜி போன் 2 வாட் வரையிலான உச்ச சக்தியில் விட்டுவிட்டு அனுப்பிய அலைகளின் சத்தம். இன்றைய 4ஜி போனுக்குப் பொதுவாக உச்சமே சுமார் 0.2 வாட்தான். ஆகவே ஜன்னலோரம் வந்து பேசு. இயர்போன் போட்டுக்கொண்டு போனை மேசைமேல் வை. ஒரு சாண் தள்ளிப்போனாலே தலைக்கு வந்து சேரும் அலை வெகுவாகக் குறைந்துவிடும்.

புற்றுநோய் என்று நீ பயந்து எழுதியிருந்தாய். இந்த அலைகளுக்கு எக்ஸ்ரேயைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் வலு கிடையாது. உறுதியாகத் தெரிந்த விளைவு, திசுவைச் சற்றே சூடாக்குவதுதான். அதற்காகத்தான் உடல் உறிஞ்சும் அளவுக்கு, ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட் என்றும் 2 வாட் என்றும் நாட்டுக்கு நாடு வரம்பு வைத்திருக்கிறார்கள். (பேசிப் பேசிக் காது சுடுகிறது என்கிறாயே, அதில் பெரும்பங்கு பேட்டரியின் வேலை.) 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளைப் புற்றுநோய் 'உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது உண்மையே, கிடைத்த சான்று அரைகுறையானது என்பதே அந்தப் பிரிவின் பொருள். அதே நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் நடந்து 2024இல் வெளிவந்த விரிவான மறுபரிசீலனையில், செல்போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு தென்படவில்லை.

இதயத்துடிப்பைச் சீராக்க நெஞ்சில் வைத்திருக்கும் என் பேஸ்மேக்கரைப் பற்றி மருத்துவர் சொன்னது ஒன்றே: போன் 15 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அதனால் சட்டைப்பையில் வைப்பதில்லை, அது இல்லாத பக்கமான வலது காதில்தான் பேசுகிறேன்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. சென்ற வாரம் நீ பேசிக்கொண்டிருந்தபோது, உன் குரலுக்குப் பின்னால் காரின் இண்டிகேட்டர் அடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வண்டி ஓட்டும்போது போனைப் பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு அதிகம்; கையில் பிடிக்காமல் பேசினாலும் கவனம் சிதறத்தான் செய்கிறது. இனி அந்தச் சத்தம் கேட்டால் பேச்சின் நடுவிலேயே இணைப்பைத் துண்டித்துவிடுவேன், கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அப்பா