ஞாயிறு நான்கு மணிக்கு மண்டபம் காலியாகத்தான் இருக்கிறது

லண்டனில் சொந்தக் கட்டடம் வாங்கிவிட்ட தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபைகளின் மூப்பர்களுக்கும், குறிப்பாக எங்கள் சபை மூப்பர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

போன மாதம் எரித்திரேயச் சகோதரர்கள் மூவர் நம் வாசலில் வந்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். ஞாயிறு மாலையில் மூன்று மணித்தியாலம் மண்டபம் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்கள். நாற்பது பேர்கொண்ட சபை; அதுவரை கூடிவந்த பாடசாலை மண்டபம் கைவிட்டுப் போய்விட்டதாம். "ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று அனுப்பிவைத்தீர்கள். அந்தச் சொல்லுக்கு நம்மிடையே என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அவர்களும் பெந்தெகொஸ்தேக்காரர்கள்தானே, அவர்களுக்கும் தெரிந்திருக்கும். பிறகு காரணங்கள் ஒவ்வொன்றாக என் காதில் விழுந்தன. புதிய கம்பளம். மின்சாரச் செலவு. அவர்களுடைய சாப்பாட்டு வாசனை.

வாசனை! அதைக் கேட்ட பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

இன்று நம்முடையதாக இருக்கும் இதே கட்டடத்தின் குசினிச் சுவரில், நாம் வாடகைக்கு இருந்த காலத்தில், "காரமான உணவு சமைக்க வேண்டாம்" என்று ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று: "கதிரைகளை ஐந்து ஐந்தாக அடுக்கவும்." நம் பெண்கள் வீட்டிலேயே சமைத்து, பானையைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார்கள். மூடியைத் திறந்தால் மண்டபம் முழுக்க மணக்கும். அடுத்த வாரம், அப்போது கட்டடத்தின் சொந்தக்காரரான வெள்ளைக்காரச் சபையிடமிருந்து கடிதம் வரும். பாஸ்டர் ஐயா மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதுவார். இது எத்தனை தரம் நடந்தது என்று உங்களில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இளைய மூப்பர்களுக்காக அதற்கும் முந்திய கதையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் சபை ஒரு மாடி வீட்டின் முன்னறையில் கூடியது. கைதட்டிப் பாடினால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் தன் கூரையை இடிப்பார். நம் தம்பிமார் சிலர் அந்த இடிக்குத் தாளம் சேர்த்துப் பாடினார்கள். அது சரியில்லை என்று அன்றே சொன்னேன். பிறகு ஒரு சமூக மண்டபம். சனி இரவு அங்கே விருந்து நடக்கும். ஞாயிறு எட்டு மணிக்குப் போய் பியர் சிந்திய தரையைத் துடைத்தால்தான் பத்து மணிக்கு ஆராதனை. ஞானஸ்நானத்துக்குப் பாப்டிஸ்ட் சபையொன்றின் தொட்டியை இரவல் வாங்கினோம். பங்குனி மாதம், தண்ணீரைச் சூடாக்க யாரும் நினைக்கவில்லை. அன்று முழுகி எழுந்தவர்களின் சத்தம் அபிஷேகத்தால் வந்ததா, குளிரால் வந்ததா என்பதைக் கர்த்தர் அறிவார்.

அதன் பிறகுதான் அந்தப் பண்டகசாலை. கட்டட நிதியில் பாதி அதில் கரைந்தது. வாடகை மலிவு, அயலில் வீடுகள் இல்லை, எவ்வளவு சத்தமும் போடலாம். ஆனால் இங்கிலாந்தில் பண்டகசாலை ஒரு பயன்பாட்டு வகுப்பு, வழிபாட்டு இடம் வேறொன்று. அப்போது அதை டி1 என்பார்கள். 2020 செப்டம்பரிலிருந்து எஃப்1. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றக் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும். தொழிலுக்கான இடம் குறைகிறது, வாகனத் தரிப்பிடம் போதாது என்று மறுத்துவிட்டார்கள். வரைபடக் கட்டணமும் சட்டத்தரணிக் கட்டணமும் போனது போனதுதான். நமக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல இது. தென் லண்டனின் சதக் பகுதியில் மட்டும் 240 கறுப்பினத்தவர் சபைகள் இருப்பதாக ரோஹாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு 2013-இல் கணக்கெடுத்தது. அவற்றில் எத்தனையோ, இப்படித்தான் தொழிற்பேட்டைகளில் இடம் தேடி அலைந்தன.

அப்படியானால் இந்தக் கட்டடம் நமக்கு எப்படிக் கிடைத்தது? தரிசனத்தில் கண்டோம் என்று சாட்சி சொல்கிறவர்கள் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் வெளிப்படையாக நடந்தது இதுதான்: நாம் ஏற்கெனவே உள்ளே இருந்தோம். பதினொரு முதியவர்கள் மிஞ்சியிருந்த அந்த வெள்ளைக்காரச் சபை தன்னை மூடுவதென்று தீர்மானித்தபோது, விற்பனைப் பலகை நடுவதற்கு முன்பே, பிற்பகல் வாடகைக்காரரான நமக்குச் சொல்லிவிட்டது. விலையைக் குறைக்கவில்லை, அறக்கட்டளைச் சட்டப்படி அறங்காவலர்கள் தகுதிபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி, கிடைக்கக்கூடிய நல்ல விலைக்குத்தான் விற்க முடியும். அவர்கள் நமக்குத் தந்தது கால அவகாசம். வீடுகள் கட்ட வந்த நிறுவனங்களுக்குத் திட்ட அனுமதி கிடைத்தாக வேண்டும். நமக்கு அது தேவையில்லை, கட்டடம் ஏற்கெனவே வழிபாட்டு இடம். நிபந்தனை இல்லாமல் வாங்க நம்மால் முடிந்தது. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தவர்கள் சீட்டைக் கழிவுக்கு எடுத்துத் தந்தார்கள். தாலிக்கொடி வைத்துப் பணம் எடுத்தவர்களின் பெயர்கள் கல்வெட்டில் இல்லை.

காரத்தைப் பற்றி முறைப்பாடு எழுதிய அதே ஆட்கள்தான் முதலில் நமக்குச் சொன்னவர்களும். அவர்கள் நம்மை நேசித்தார்களா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்டார்கள்.

கதவு நம் பெந்தெகொஸ்தே இயக்கத்துக்குப் புதிய விஷயமல்ல. லூசியானாவில் பிறந்த வில்லியம் சேமூர், முன்னாள் அடிமைகளின் மகன், 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஊழியத்துக்கு அழைக்கப்பட்டுப் போனார். அழைத்த சபையே அவர் போதனை பிடிக்காமல் கதவைப் பூட்டியது. வீடொன்றில் கூடினார், கூட்டம் தாங்காமல் முன் திண்ணை இடிந்து விழுந்தது. பிறகுதான் அசூசா வீதி 312: ஒரு காலத்தில் கறுப்பின மெதடிஸ்டுகளின் ஆலயம், அப்போது கீழ்த்தளம் குதிரை கட்டும் இடம். மரத்தூள் பரப்பிய தரை, ஆணிப் பீப்பாய்கள்மேல் பலகை வைத்த இருக்கைகள். உலகெங்கும் நாம் எழுப்புதல் என்று சொல்வது அந்த லாயத்திலிருந்து பரவியது. இங்கிலாந்திலும் அப்படித்தான். ஜமேக்காவிலிருந்து வந்த ஒலிவர் லைசெய்ட் 1953-இல் வூல்வர்ஹாம்ப்டனில் ஒய்.எம்.சி.ஏ. மண்டபத்தில்தான் தன் சபையைத் தொடங்கினார். அந்தத் தலைமுறை கரீபியன் மக்களைத் தன் ஆலயங்களில் நடத்திய விதத்துக்கு இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை 2020-இல் மன்னிப்புக் கேட்டது. நாம் யாரிடம், எந்த ஆண்டில் மன்னிப்புக் கேட்கப்போகிறோம்?

எரித்திரேயாவில் 2002-இலிருந்து ஓர்த்தடோக்ஸ், கத்தோலிக்க, லூத்தரன் சபைகளுக்கும் இஸ்லாத்துக்கும் மட்டுமே அனுமதி. பெந்தெகொஸ்தே விசுவாசிகளைக் கப்பல் கொள்கலன்களில் அடைத்து வைத்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்திருக்கின்றன. வீட்டில் பாடினாலே கைதாகும் நாட்டிலிருந்து வந்தவர்களிடம் நாம் கம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம். அந்நியனைப் பற்றிய வசனம் உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதை இங்கே எழுதப்போவதில்லை.

மின்சாரச் செலவு நியாயமான கேள்வி. வாடகையில் சேருங்கள். சத்தத்துக்கும் நேரத்துக்கும் கவுன்சில் விதித்த எல்லைகளை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொல்லாத பயம் ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்: அவர்கள் இளைஞர்கள், பெருகுவார்கள். நம் பிள்ளைகளோ ஆங்கில ஆராதனை தேடிப் போகிறார்கள். போன ஞாயிறு நான் தலை எண்ணினேன். எண்ணிக்கையை இங்கே போடாமல் விடுகிறேன்.

மூப்பர் கூட்டம் இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை. நம் ஆராதனை ஒரு மணிக்கு முடிகிறது. சாப்பாடும் கதையுமாக மூன்று மணிக்குள் எல்லோரும் போய்விடுவோம். அதன் பிறகு மண்டபத்தில் யாரும் இல்லை. திறப்புக்கோவை ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. சம்மதித்தால் முதல் ஞாயிறு நானே திறந்துவிட்டு, கதிரைகளை ஐந்து ஐந்தாக அடுக்குவது எப்படி என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கிறேன்.

கர்த்தருக்குள்,
ஓய்வுநாள் பாடசாலையின் பழைய ஆசிரியை