தம்மேலாவுக்கு ஒரு முறை வா, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், லிவர்பூல் கால்பந்து அணியின் மைதானமான ஆன்ஃபீல்டுக்குப் போய்வந்த கதையைச் சொன்னாய். அத்தனை பேரும் எழுந்து நின்று பாடியபோது உடம்பு சிலிர்த்துவிட்டது என்றாய். கேட்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அப்புறம், "இதைப் பார்த்த பிறகு நம்ம ஃபின்லாந்து லீகை எல்லாம் யாரும்மா பார்ப்பாங்க?" என்றாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். மூன்று நாளாக அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அதான் எழுதுகிறேன்.

அங்கே கொஞ்சம் வயதான லிவர்பூல் ரசிகர் யாரிடமாவது சாமி ஹூப்பியாவைப் பற்றிக் கேட்டுப் பார். 1999 முதல் 2009 வரை பத்து வருஷம் அங்கே தடுப்பாட்டத்தில் மலை மாதிரி நின்றவர். 2005-இல் இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். அவர் நம் ஃபின்லாந்துக்காரர். அவர் ஆட்டம் பழுத்தது இங்கே மில்லிகோஸ்கி என்ற சின்ன ஊரின் மைபா கிளப்பில். காகித ஆலையை நம்பி வளர்ந்த ஊர் அது. நம் நாட்டின் இன்னொரு பெரிய ஆட்டக்காரர் யாரி லித்மானெனும் 1992-இல் மைபாவுக்கு ஆடிவிட்டுத்தான் நெதர்லாந்தின் அயாக்ஸ் அணிக்குப் போனார். பின்னாளில் அவரும் உங்கள் லிவர்பூலுக்கு வந்து ஆடினார். ஹூப்பியா இஸ்தான்புல்லில் ஜெயித்த அதே 2005-இல் மைபா ஃபின்லாந்து சாம்பியன் ஆனது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். 2011 கடைசியில் ஆலையை மூடினார்கள். 2015-இல் பணமில்லாமல் மைபாவும் மேல்மட்ட லீகை விட்டுப் போனது. ஆன்ஃபீல்டில் நீ கைதட்டும் இடத்தில் அந்த ஊரின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

வால்கேகோஸ்கி உனக்கு நினைவிருக்கும், நம் ஊர் தம்பெரேயிலிருந்து காரில் அரைமணி நேரம். சுமார் இருபதாயிரம் பேர் வாழும் ஊர். அங்கேயும் காகித ஆலைதான், மைதானத்தின் பெயரே 'தெஹ்தான் கெந்தா', ஆலை மைதானம். அந்த ஊரின் ஹாகா கிளப் ஒன்பது முறை நாட்டின் சாம்பியன். 1984-இல் ஐரோப்பியக் கோப்பையொன்றின் காலிறுதி வரை போய் இத்தாலியின் பெரிய அணியான யுவெண்டஸை எதிர்த்து ஆடியது. அப்போது மார்ச் மாதம், இங்கே எங்கும் பனி. சொந்த ஊர் ஆட்டத்தைப் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் போய் ஆட வேண்டியதாயிற்று. இரண்டு ஆட்டத்திலும் 1-0 என்றுதான் தோற்றார்கள். எதிரே யார் ஆடினார்கள் என்று பார்த்தால் அது தோல்வியாகவே தெரியவில்லை எனக்கு.

சரி, நம் கதைக்கு வருகிறேன். நீ லீகைப் பற்றி அப்படிச் சொன்னதற்குக் காரணம் ஆன்ஃபீல்டு இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும்.

2007-இல் உனக்கு ஆறு வயது. அப்பாவுக்குச் சனிக்கிழமைகளிலும் வேலை. எனக்கு இந்த ஊரில் பேச ஆள் கிடையாது, ஃபின்னிஷ் மொழி நாலு வார்த்தைதான் வரும். தம்மேலா சந்தையில் உனக்கு முஸ்தமக்காரா வாங்கித் தருவேன். அந்தக் கறுப்புச் சாசேஜை லிங்கன்பெரி ஜாமில் தோய்த்துத் தின்று வாயெல்லாம் சிவப்பாக்கிக்கொள்வாய். ஒருநாள் சந்தைக்குப் பக்கத்தில் கூட்டம் கத்தும் சத்தம் கேட்டு, உன் கையைப் பிடித்துக்கொண்டு தம்மேலா மைதானத்துக்குள் போனேன். தம்பெரே யுனைடெட் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டி நகர்ந்து இடம் கொடுத்தார். கோல் விழுந்ததும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இந்த நாட்டில் வெளியாள் ஒருவர் என்னைக் கட்டிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அந்த வருஷம் நம் அணி பல்கேரியாவின் லெவ்ஸ்கி சோபியாவையே சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேற்றியது. முந்தின வருஷம்தான் பார்சலோனாவும் செல்சியும் இருந்த குழுவில் ஆடிய அணி அது. 2001, 2006, 2007 என்று மூன்று முறை நாட்டின் சாம்பியன் நாம். நீலக் கம்பளி ஸ்கார்ஃபை நீ தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டாய்.

அப்புறம் 2011 வந்தது. சிங்கப்பூரில் உள்ள ஒரு கம்பெனியிடமிருந்து கிளப் பணம் வாங்கிய விஷயம் வெளியே வந்தது. பணத்துக்குப் பின்னால் மேட்ச் ஃபிக்ஸிங் ஆட்கள் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தது. ஏப்ரலில் கால்பந்துச் சங்கம் கிளப்பைப் போட்டிகளிலிருந்தே விலக்கிவிட்டது. நீ செய்தியைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கார்ஃபை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாய். பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சமாதானம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் அதற்காக வருத்தப்படுகிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை, பாப்பா. மறு வருஷமே ரசிகர்கள் கிளப்பைத் தாங்களே எடுத்து, கீழ்மட்ட டிவிஷனிலிருந்து மறுபடி ஆட ஆரம்பித்தார்கள். உன்னிடம் சொல்லாமல் நான் போய்ப் பார்ப்பேன். ஒரு மழை நாளில் மொத்தமே நாற்பது ஐம்பது பேர்தான் இருந்திருப்போம். அன்று இடம் கொடுத்த பாட்டியும் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

மேல்மட்ட லீகில் இப்போது நம் ஊருக்கு இருப்பது இல்வெஸ். 1983-க்குப் பிறகு லீகை வெல்லவில்லை, ஆனால் 2019-இலும் 2023-இலும் நாட்டுக் கோப்பையை வென்றார்கள். 2024-இல் லீகில் இரண்டாமிடம். அந்த வருஷம் சாம்பியன் ஆனது குவோப்பியோ ஊரின் குப்ஸ் கிளப். ஹெல்சிங்கியின் எச்.ஜே.கே.தான் வருஷா வருஷம் ஜெயிக்கும் என்றிருந்த காலம் போய்விட்டது. 33 பட்டம் வென்ற கிளப், 1998-இலேயே சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில் போர்ச்சுகலின் பென்ஃபிகாவை 2-0 என்று சாய்த்த கிளப், அதையே இப்போது மற்ற ஊர்க்காரர்கள் பயமில்லாமல் எதிர்த்து ஆடுகிறார்கள். நம் நாட்டு அணிக்குக் கோல் அடித்துக் குவித்த தேமு புக்கிகூட வெளிநாடெல்லாம் ஆடி முடித்து 2025-இல் எச்.ஜே.கே.வுக்கே திரும்பி வந்துவிட்டார்.

பழைய தம்மேலா மைதானத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். 2024-இல் திறந்தார்கள். கேலரியோடு சேர்த்தே அடுக்குமாடி வீடுகளும் இருக்கின்றன. நான் முன்வரிசையில்தான் உட்காருவேன். கோல்கீப்பர் தன் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டுவது காதில் விழும். போன ஆட்டத்தில் இல்வெஸின் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கார்னர் எடுக்க வந்தான். பந்தை வைத்துவிட்டு, நடுங்கும் கையை ஷார்ட்ஸில் துடைத்துக்கொண்டான். எனக்குப் பின்னாலிருந்து ஒருவர் அவன் செல்லப் பெயரைச் சொல்லி, "அவசரப்படாதே" என்றார். அவன் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பந்தை உதைத்தான். கோல் விழவில்லை. ஆனாலும் எல்லோரும் கைதட்டினோம்.

நீ கேட்ட "யாரும்மா பார்ப்பாங்க" என்பதற்கு அம்மாவிடம் இருக்கும் பதில் இதுதான். நான் பார்க்கிறேன். அந்தப் பாட்டி பார்க்கிறார். இந்த ஊரில் எனக்கு மொழி வந்ததும் ஆட்கள் கிடைத்ததும் அந்தக் கேலரியில்தான். ஆன்ஃபீல்டை நீ விட வேண்டாம், அது உன் ஊர் இப்போது. ஆனால் தம்மேலாவை அப்படிச் சொன்னபோது எனக்கு வலித்தது. உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

ஜூலையில் உனக்கு லீவு கிடைக்குமா? சாயங்கால ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போதும் வெயில் இருக்கும், உனக்குத் தெரியும். லீவு தேதியைச் சொன்னால் இல்வெஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைக்கிறேன். யுனைடெட் ஆட்டமும் அந்த வாரம் இருந்தால் அதற்கும் போகலாம். நீல ஸ்கார்ஃபைப் போன வாரம்தான் வெந்நீர் படாமல் கையால் துவைத்து, உன் கட்டில் மேல் காயப்போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா