ஊர் போட்ட தீர்மானம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு அம்மா யார் துணையும் இல்லாமல் நடமாடுகிறார் என்று படித்ததில் பெரிய நிம்மதி. இங்கே மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. வீடுதான் வெறிச்சென்று இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தொழிற்பேட்டைக்காக மச்சான் நிலத்துக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, கிராமசபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டுவிட்டோம், அது நிற்குமா என்று எழுதியிருந்தாய். அந்தத் தீர்மானம் மட்டும் நிலமெடுப்பைத் தடுத்துவிடாது. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

2013-இல் வந்த மத்திய நிலமெடுப்புச் சட்டம், நிலம் போனால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று பார்க்கும் சமூகத் தாக்க ஆய்வு நடத்தி ஊராட்சியையும் கலந்து பேசச் சொல்கிறது. கிராமசபையின் சம்மதம் வேண்டும் என்பது பழங்குடியினருக்கான அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியே கிடையாது. அதிலும் தொழிற்பேட்டை என்றால் இங்கே பயன்படுத்துவது மாநில அரசின் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தை. அதில் அந்த ஆய்வும் இல்லை. மத்தியச் சட்டத்திலிருந்து மாநிலச் சட்டத்துக்குக் கொடுத்த இந்த விதிவிலக்கு செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உடனே அரசு புதுச் சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்தது; 2021-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அதனால் நோட்டீஸின் தலைப்பில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முதலில் பார். 1997 சட்டத்தின் 3(2) பிரிவு என்றிருந்தால் ஆட்சேபணை சொல்ல இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். அதற்கு அடுத்து 3(1) அறிவிக்கை அரசிதழில் வந்துவிட்டால் நிலம் அரசுக்குப் போய்விடும்.

பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அதற்காக நிலம் கேட்கப்பட்ட ஊர்களில் ஒன்றான ஏகனாபுரத்து மக்கள் அப்போதிருந்து கிராமசபைகளில் மறுபடி மறுபடி எதிர்ப்புத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் ஊரில் பெரும்பாலோர் ஓட்டுப்போடவே போகவில்லை. ஒரு ஊர் இத்தனை தடவை வேண்டாம் என்று சொன்ன பிறகும், ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய கடமை எந்த அதிகாரிக்கும் இல்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான். நிலம் எடுக்கும் அதிகாரம் அரசுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரோடும் பள்ளிக்கூடமும் நிலத்தில்தான் வர வேண்டும். ஆனால் ஊரின் பேச்சைத் தள்ளுகிறவர் தன் பெயரைப் போட்டுத் தள்ளட்டும்.

ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராமசபைகளிடமே முடிவை விட்டது. 12 ஊர்களும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அது வன உரிமைச் சட்டம் கொடுத்த பலம். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத மக்கள்கூட சபையில் எழுந்து தெளிவாகப் பேசினார்கள் என்பதை மறக்காதே. கிராமத்தாருக்கு விவரம் போதாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நம் ஊராட்சித் தலைவர் மீது கோபப்பட்டு எழுதியிருந்தாய். அவர் நிலைமையையும் கொஞ்சம் யோசி. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி தீர்மானத்தை நிறுத்திவைக்கவும், தலைவரையே பதவிநீக்கவும் ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. நிலமெடுப்பை நடத்துவதும் அதே ஆட்சியர் அலுவலகம்தான். தலைவர் ஊர் பக்கம் நிற்க வேண்டுமென்றால் ஊர் மொத்தமும் அவர் பின்னால் நிற்க வேண்டும்.

அப்புறம், அடங்கல் - எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதிவைக்கும் கிராமப் பதிவேடு. இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். இரண்டு போகம் விளைகிற நஞ்சை, அடங்கலில் தரிசு என்று இருந்தால், கூட்டத்தில் எவ்வளவு பேசினாலும் அந்த ஒரு வார்த்தைதான் கோப்பில் போய் உட்காரும். வயலில் இறங்கிப் பார்த்து எழுத வேண்டியவர் கிராம நிர்வாக அலுவலர். பார்த்தாரா என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. மச்சானை மட்டுமல்ல, அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் எல்லாரையும் கடந்த சில பசலிகளின் (வருவாய்த் துறை ஆண்டுகளின்) அடங்கல் நகலை எடுக்கச் சொல். தப்பாக இருந்தால் திருத்தக் கேட்டுத் தாசில்தாருக்கு மனு கொடுங்கள்.

பதிவேடுகளை அவர்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்பதற்குச் சேலம் எட்டுவழிச் சாலை வழக்கே சாட்சி. நிலமெடுப்பு முடியும் முன்னரே வருவாய்ப் பதிவுகளை மாற்றியது தப்பு என்றும், பழையபடி திருத்த வேண்டும் என்றும் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிலமெடுப்பு அறிவிக்கை செல்லும் என்று சொன்ன அதே தீர்ப்பில்தான் இதுவும் இருக்கிறது.

ஆட்சேபணையை ஆளுக்கொரு மனுவாக, கெடுவுக்குள், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் சீல் போட்ட நகலை வாங்காமல் திரும்ப வேண்டாம். கிராமசபைத் தீர்மானம் யார் மேசைக்குப் போனது, என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய். அந்தப் பதிலோ, பதில் வராததோ, வழக்கு என்று வந்தால் வக்கீலுக்கு உதவும்.

மச்சான் நஷ்டஈட்டைப் பற்றி இப்போதே பேச வேண்டாம் என்கிறார் என்றாய். அவர் மனசு புரிகிறது. ஆனாலும் அந்தக் கணக்கையும் ஒருவர் பார்த்து வைத்திருப்பது நல்லது. நோட்டீஸின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து இந்த வாரமே அனுப்பு. எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போன் செய்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்