சுவரில் ஒரு சாண் இடம் விடுங்கள்

லாஸ் ஏஞ்சலஸ் ஓல்வேரா தெருவில் ஆவிலா அடோபி இல்லத்தைப் பராமரிப்பவர்களுக்கு,

வணக்கம்.

அந்த வீட்டுக்கு எதிரே உட்கார்ந்து, அஞ்சலட்டை அளவுத் தாளில் நீர்வண்ணத்தில் அதை வரைந்தேன். நீளத் தாழ்வாரம், மரத்தூண்கள், தரையில் விழுந்த நிழல் எல்லாம் ஒருமாதிரி வந்துவிட்டன. சுவர் மட்டும் வரவில்லை. தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தேன். படத்தைப் பார்த்த நண்பர், "சிமெண்டு வீடா?" என்று கேட்டார். சுருக்கென்றது. ஆனால் அவரை என்ன சொல்ல? பூச்சுக்குப் பின்னால் இருப்பதை நானே பார்க்கவில்லையே.

1818இல் பிரான்சிஸ்கோ ஆவிலா கட்டிய வீடு அது. அந்த நகரில் இன்றும் நிற்கும் வீடுகளில் மிகப் பழையது. மண்ணையும் வைக்கோலையும் குழைத்து, அச்சில் இட்டு, வெயிலில் காயவைத்த சுடாத கல்தான் அடோபி. எகிப்தில் செங்கல்லுக்கு வழங்கிய சொல், அரபி வழியாக ஸ்பானியருக்குப் போய், அவர்களோடு கடல் தாண்டி வந்தது. சுவரின் கனம் இரண்டரை, மூன்று அடி. கதவு நிலையருகே நின்றால்தான் அது தெரிகிறது.

1928இல் இந்த வீடு இடிக்கப்பட வேண்டியது என்று நகர நிர்வாகம் முடிவு செய்தபோது, கிறிஸ்டின் ஸ்டெர்லிங் என்ற பெண்மணி அதைக் காக்கச் சொல்லிக் கையால் எழுதிய அறிவிப்புப் பலகையை வாசலில் நட்டார். 1930இல் தெருவே புதுப்பொலிவோடு திறக்கப்பட்டது. 1971 நிலநடுக்கத்தில் சேதமாகி, பழுதுபார்க்கப்பட்டு வீடு மறுபடி நின்றது. இத்தனை பாடு இந்த மண்ணுக்காக. தெருவில் நிற்பவர் கண்ணுக்கோ வெள்ளைப் பூச்சுதான்.

பூச்சு வேண்டாம் என்று சொல்லவில்லை. பூசாத மண்கல்லை மழை கரைத்துவிடும். நான் கேட்பது தாழ்வாரத்துக்குள், சாரல் எட்டாத இடத்தில், ஒரு சாண் சதுரம். பூச்சை நீக்கி, உள்ளிருக்கும் மண்கற்கள் தெரியும்படி விடுங்கள். கண்ணாடி போட்டால் ஈரம் அடைபடாமல் காற்றுக்கு வழி வையுங்கள். வைக்கோல் கட்டுகளால் வீடு கட்டுவோர் சுவரில் இப்படி ஒரு திறப்பு விடுவார்கள். 'உண்மைச் சன்னல்' என்று அதற்குப் பெயரே உண்டு.

பக்கத்தில் பலகை வைத்தால், ஆவிலாவின் பெயரோடு, அந்த மண்ணின் பழங்குடியினரான டோங்வா மக்களையும் எழுதுங்கள். அந்தக் காலத்தில் அந்த ஊரின் பாடுகளைச் சுமந்தவர்கள் அவர்கள்.

என் வண்ணப்பெட்டியில் காவியும் பழுப்பும் தொடாமலே இருக்கின்றன. அவையும் மண்தான். அந்த ஒரு சாண் இடம் திறந்தால் சொல்லி அனுப்புங்கள். இன்னொரு அஞ்சலட்டைத் தாளோடு வருகிறேன்.

அன்புடன்,
வீட்டுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தவன்