பூட்டிய கதவுக்குள் வந்தவரைப் பிரசங்கியுங்கள்

சென்னையில் ஊழியம் செய்கிற போதகர்களுக்கும் ஆயர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும், கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

சபையின் பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் வீடு சந்திப்புக்குப் போகிறவள் நான். ஆஸ்பத்திரிக்கும் போவோம், சாவு வீட்டுக்கும் போவோம். போகிற இடமெல்லாம் பயத்தைப் பார்க்கிறேன். ஸ்கேன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவர், நீட் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் கிடக்கும் பிள்ளை, ஓ.எம்.ஆர். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்களாம் என்று மகனை நினைத்துத் தூங்காத தாய். ஆனால் என்னை அதிகம் வருத்துவது வேறு. "பாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா, விசுவாசம் இல்லன்னு நினைப்பாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். பயப்படுகிறோம் என்று சபையில் சொல்லவே பயப்படுகிறார்கள்.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பயத்தை அவிசுவாசம் என்று பிரசங்கிப்பதை நிறுத்துங்கள்.

சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு சகோதரி இருக்கிறார். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, குடும்பமே மொட்டை மாடியில் நின்றது. அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றி, வாசல் கதவின் ஆணியில் பையாகத் தொங்கும். ராத்திரியில் மழைச் சத்தம் கேட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், தெருப்படியில் தண்ணீர் எத்தனையாவது செங்கல்வரை ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கை நடுங்கி, குடத்தைக்கூட அவரால் தூக்க முடியவில்லை. இதை அவர் ஒரு ஜெபக்கூட்டத்தில் சொன்னார். "உங்க உள்ளத்துல அவிசுவாசம் இருக்கு, மனந்திரும்புங்க" என்று அங்கே பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை.

நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிற ஒன்று உண்டு: வேதத்தில் 'பயப்படாதே' 365 முறை வருகிறதாம், நாளுக்கு ஒன்றாம். எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வருவதில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. அந்த வார்த்தையை அடுத்து என்ன வருகிறது என்பதல்லவா முக்கியம்? ஈசாக்குக்கு, ஏசாயாவில் இஸ்ரவேலுக்கு, கொரிந்து பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுலுக்கு, எல்லாருக்கும் "பயப்படாதே" என்றவர் கையோடு "நான் உன்னோடு இருக்கிறேன்" என்றும் சொன்னார். நாம் முதல் பாதியை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு, பின்பாதியைச் செய்துகாட்ட ஆள் அனுப்புவதில்லை. அந்தப் பவுலே கொரிந்தியருக்கு, "நான் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன்" என்று எழுதினார். ஒளிக்கவில்லை.

நம்முடைய ஊர் இயேசுவின் சீஷரான தோமாவின் ஊர். சாந்தோமில் அவர் கல்லறை, சின்னமலையில் அவர் ஒளிந்திருந்த குகை, பரங்கிமலையில் அவர் இரத்தம் சிந்திய இடம் என்று நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். யோவான் 20ஆம் அதிகாரத்தை இன்னொரு தடவை மெதுவாக வாசித்துப் பாருங்கள். உயிர்த்தெழுந்த நாளில் சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். இயேசு நடுவே வந்து நின்றார். கைகளையும் விலாவையும் காட்டினார். அவர்களும் சந்தோஷப்பட்டார்கள். சரி, எட்டு நாள் கழித்து? தோமாவும் அவர்களோடு இருந்த அன்றும் கதவு பூட்டித்தான் இருந்தது! உயிர்த்தெழுந்தவரைக் கண்ணால் கண்டவர்கள் வீட்டிலேயே தாழ்ப்பாள் விலகவில்லை. அதற்காக ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொண்டதாக அங்கே ஒரு வார்த்தை இல்லை. மறுபடியும் உள்ளே வந்தார், மறுபடியும் "உங்களுக்குச் சமாதானம்" என்றார். அந்த வீட்டுக்குள் இருந்த தோமாதான் கடல் தாண்டி இங்கே வந்தார் என்று நாம் நம்புகிறோம்.

"புயலில் பயந்த சீஷர்களை ஆண்டவர் கடிந்துகொண்டாரே" என்று நீங்கள் கேட்கலாம். கடிந்துகொண்டார்தான். மாற்கு எழுதியபடி, முதலில் காற்றையும் கடலையும் அமர்த்திவிட்டுத்தான் ஏன் பயந்தீர்கள் என்று கேட்டார். மத்தேயுவில் கேள்வி முன்னால் வருகிறது, உண்மை. இரண்டிலுமே அவர் அதே படகில் நனைந்துகொண்டு இருந்தார். கரையில் நின்று கேட்கவில்லை.

மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் உயிரே போகிறது. மனப்பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம், "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை" என்ற வசனத்தைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். அந்த வசனத்தைப் பவுல் எழுதியது தன் இளம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு. அதே தீமோத்தேயுவின் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னவரும் அதே பவுல்தான். ராயபுரத்தில் ரெய்னி ஆஸ்பத்திரியையும் மயிலாப்பூரில் கல்யாணி ஆஸ்பத்திரியையும் நடத்திய மிஷனரிகளுக்கு ஜெபத்துக்கும் மருந்துக்கும் நடுவே சண்டை இருக்கவில்லை. உயிர் வேண்டாம் என்று பேசுகிறவர் உங்களிடம் வந்தால் ஜெபம் பண்ணுங்கள், கூடவே அமர்ந்து 14416க்கு போன் போட்டுக் கொடுங்கள். அது அரசின் மனநல உதவி எண், இலவசம்.

அப்புறம் அந்தச் சைதாப்பேட்டை சகோதரி. போன மழைக்காலத்தில், ரெட் அலர்ட் என்று டிவியில் சொன்ன அன்று, எங்களில் இரண்டு பேர் சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்த் தங்கினோம். பிரசங்கம் எதுவும் இல்லை. ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிற 56ஆம் சங்கீதத்தை அவரே வாசித்தார். நடுராத்திரியில் டார்ச்சோடு எழுந்தார், நாங்களும் கூடப் போய்ப் படியைப் பார்த்துவிட்டு வந்தோம். அவருக்கு இன்னும் பயம் இருக்கிறது, பை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. ஆனால் இந்த வருஷம் பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிற ஒரு பாட்டி வீட்டில் மழை ராத்திரியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். விசுவாசம் பயத்தை ஜெயிப்பதை நான் இப்படித்தான் பார்த்தேன். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவரே "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று நண்பர்களைக் கேட்டாரே.

ஆகவே, சாட்சி நேரத்தில் பயம் நீங்கினவர்களுக்கு மட்டும் மைக்கைக் கொடுக்காதீர்கள். இன்னும் பயத்தோடு ஜெபிக்கிறவர்களும் எழுந்து பேசட்டும், சபை அவர்களுக்கு ஆமென் சொல்லட்டும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஆளுக்கொரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை கொடுப்பீர்கள். "பயப்படாதே" என்ற வசனம் யார் கையில் போய்ச் சேருகிறதோ, அந்த வீட்டுக்கு ஜனவரிக்குள் ஒரு தடவை யாராவது போய் உட்கார்ந்து பேசிவிட்டு வர ஏற்பாடு செய்யுங்கள். ஆள் போதவில்லை என்றால் பெண்கள் ஐக்கியத்தில் நாங்கள் இருக்கிறோம். விலாசத்தை மட்டும் கொடுங்கள், போய்விட்டு வருகிறோம்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
பெண்கள் ஐக்கிய உறுப்பினர், சென்னை