குடிபோகும் முன் ஒருமுறை போய் இருந்து பார்த்துவிட்டு வா

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாப்பிள்ளையின் கம்பெனி ஜெர்மனி, பிரிட்டன், கனடா மூன்றில் எங்கே கேட்டாலும் மாற்றல் தரத் தயார் என்று போனில் சொன்னாய். ஆகஸ்டில் அவர் மட்டும் லீவ் போட்டு மூன்று நாட்டையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வரட்டும், அவருக்குப் பிடித்த இடத்துக்கே போய்விடலாம் என்றும் சொன்னாய். அவசரமாக ஏதாவது பதில் சொல்லிவிடக் கூடாது என்றுதான் அப்போது பேசாமல் இருந்தேன். உன்னைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் வேறு சிலரும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் விஷயம், நீ போயே ஆக வேண்டும். அவர் மட்டும் போனால் போதும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை.

அவருக்கு அங்கே இறங்கிய மறுநாளே ஓர் அலுவலகம் இருக்கும். உட்கார ஒரு இடம், கூட வேலை செய்கிறவர்கள், சந்தேகம் கேட்க ஒரு மேலாளர் எல்லாம் தயாராக இருக்கும். வீடு, பள்ளிக்கூடம், டாக்டர், கடை, புரியாத மொழியில் வரும் கடிதங்கள் எல்லாம் உன் தலையில்தான் விழும். நாள் முழுக்க அந்தத் தெருவில் இருக்கப்போகிறவள் நீ. அந்தத் தெரு உனக்கு ஒத்துவருமா என்று அவர் எப்படிப் பார்த்துச் சொல்ல முடியும்? அவர் நல்லவர், உன்மேல் அக்கறை உள்ளவர், எல்லாம் சரி. ஆனால் அவர் பார்க்கும் ஊரும் நீ வாழப்போகும் ஊரும் வேறு வேறு.

செலவு இரட்டிப்பாகுமே என்பாய். முதலில் அவருடைய எச்.ஆரிடம் கேட்கச் சொல். ஊழியரையும் குடும்பத்தையும் வெளிநாட்டுக்கு மாற்றும்போது, முன்னால் ஒருமுறை போய்ப் பார்த்துவர டிக்கெட்டும் தங்குமிடமும் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. 'லுக்-சீ ட்ரிப்' என்பார்கள். கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மாற்றல் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைக் கேட்க வேண்டும், போட்ட பிறகு கேட்டால் அந்தப் பேச்சுக்கு வலு இருக்காது. கம்பெனி தரவில்லை என்றாலும் போய்வாருங்கள். நீ வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்து, பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், ஆறு மாதத்தில் திரும்பி வந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகைதான்.

அடுத்தது, ஆகஸ்ட் வேண்டாம். அந்த மாதத்தில் ஐரோப்பா யாரையும் மயக்கிவிடும். இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பூங்காக்கள் நிறைய ஜனம் இருக்கும். ஆனால் இங்கிலாந்திலும் கனடாவிலும் பள்ளிகள் மூடியிருக்கும், ஜெர்மனியிலும் பல மாநிலங்களில் கோடை விடுமுறையாக இருக்கும், நீ பார்க்க வேண்டியவர்களில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். நவம்பரின் பிற்பாதியில் போ. அந்த மாதக் கடைசியில் பெர்லினிலும் லண்டனிலும் மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பிள்ளை பள்ளியிலிருந்து வீடு வந்து சேரும்போதே இருட்டு. அது உனக்குத் தாங்குமா என்பதை எந்த வீடியோவும் சொல்லாது. கனடா என்றால் இன்னும் தள்ளி ஜனவரியில் போகலாம். வினிப்பெக் போன்ற ஊரில் அப்போது மைனஸ் 20 சாதாரணம். வான்கூவரில் அந்த அளவு குளிர் இல்லை, ஆனால் குளிர்காலம் முழுக்க மேகமும் மழையும்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெண் குளிரை எளிதாகச் சமாளித்துவிட்டாள், வெளிச்சம் இல்லாததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கிறிஸ்துமஸை ஒட்டி மட்டும் போகாதே. அலுவலகங்கள் இயங்காது, ஊர் விளக்குகளால் ஜொலிக்கும், மறுபடியும் உண்மையான நாட்களைப் பார்க்காமல் திரும்புவாய்.

மூன்று நாட்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பதும் வேண்டாம். ஒரு நாடு, அதிலும் ஒரே ஊர், குறைந்தது இரண்டு வாரம். முதல் சில நாட்கள் தூக்கம் கெட்டு, எல்லாம் புதிதாகத் தெரிந்து, எதையும் சரியாக எடைபோட முடியாது. அதற்குப் பிறகுதான் அந்த ஊர் உனக்கு வெறும் ஊராகத் தெரிய ஆரம்பிக்கும்.

சரி, மூன்றில் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை, வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். உன்னிடமிருந்தே தொடங்கு. நீ பிசியோதெரபிஸ்ட். மூன்று நாட்டிலும் இது அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய தொழில். பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். கனடாவில் உன் படிப்பைச் சரிபார்த்து, அதன்பின் நீ போகும் மாகாணத்தின் ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி தர வேண்டும். ஜெர்மனியில் நீ குடியேறும் மாநிலத்தின் அதிகாரிகள் உன் பட்டத்தை அங்கீகரிக்க வேண்டும், அதோடு பொதுவாக பி2 நிலை அளவுக்கு, அதாவது தடையின்றிப் பேசிப் புரிந்துகொள்ளும் அளவுக்கு, ஜெர்மன் மொழியும் கேட்பார்கள். இதெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. இன்னொன்று, அவருக்கு வேலை விசா கிடைத்துவிட்டால் உனக்கும் வேலை செய்யும் அனுமதி தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொள்ளாதே. ஜெர்மனியில் புளூ கார்டு என்ற, தகுதியுள்ள வெளிநாட்டு ஊழியர்களுக்கான குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவரின் துணைக்கு அது பெரிய சிக்கல் இல்லை. கனடாவில் 2025 ஜனவரியிலிருந்து, குறிப்பிட்ட சில வகை வேலைகளில் இருப்பவர்களின் துணைக்கு மட்டும்தான் திறந்த வேலை அனுமதி (எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம் என்ற அனுமதி) என்று சுருக்கிவிட்டார்கள். அவருடைய பதவி அதற்குள் வருகிறதா என்று இப்போதே பார்க்கச் சொல். இந்த ஒரு கேள்வியிலேயே மூன்று நாடு இரண்டாகலாம், ஒன்றாகவும் ஆகலாம்.

விசா பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்க்கப் போகும்போது வருகையாளர்களாகத்தான் போகிறீர்கள். ஜெர்மனி ஷெங்கன் பகுதியில் (உள் எல்லைகளில் வழக்கமான சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) இருப்பதால், எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் அந்தப் பகுதிக்குள் இருக்க முடியாது, விசாவில் அதைவிடக் குறைவாகத் தந்திருந்தால் அதுதான் கணக்கு. போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். பிரிட்டனில் வருகையாளர் விசாவில் போய், அங்கிருந்தபடியே வேலை விசாவுக்கு மாற முடியாது. எல்லையில் அதிகாரி கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: மாற்றலில் வர யோசிக்கிறோம், அதற்கு முன் பார்க்க வந்திருக்கிறோம், இன்ன தேதியில் திரும்புகிறோம். திரும்பும் டிக்கெட், லீவ் கடிதம், தங்குமிட விவரம் மூன்றும் கையில் இருக்கட்டும். சுற்றுலா என்று சொல்லிவிட்டுப் பையில் பட்டச் சான்றிதழ்களின் அசலை அடுக்கி வைத்திருந்தால் தேவையில்லாத சந்தேகம் வரும்.

இனி அங்கே போய் என்ன செய்வது என்பது. எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான்.

ஊர் நடுவில் ஹோட்டல் எடுக்காதே. அவர் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எந்தப் பகுதியில் குடியிருக்க முடியுமோ, அங்கே சமையலறை உள்ள சின்ன வீடாக வாடகைக்கு எடு. உன் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காதே, அது வர நாளாகும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, அவர் அலுவலகம் போகவேண்டிய வழியில் நீயும் ஏறிப் போய்ப் பார். மேப்பில் 35 நிமிடம் என்று காட்டுவது, படி ஏறி இறங்கி, வண்டி மாறி, மழையில் நின்றால் எவ்வளவு ஆகிறது என்று அப்போது தெரியும். சமையலுக்கு வாங்கு, துணி துவை, அது குளிரில் காய எத்தனை நேரம் எடுக்கிறது என்று பார். மருந்துக் கடைக்குப் போய், அம்மா உனக்கு வாங்கித்தரும் இருமல் மருந்துக்கு ஈடாக அங்கே என்ன கிடைக்கும், எதற்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்று கேள். ஜெர்மனி என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீட்டிலேயே கழித்துப் பார். சட்டப்படி கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தெரு அமைதியாக இருக்கும். சிலருக்கு அது வரம், சிலருக்கு அது மூச்சுமுட்டல். நீ எந்த வகை என்று எனக்கே தெரியவில்லை, உனக்கும் அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம், நடுவில் இரண்டு மூன்று நாட்கள் அவர் காலையில் கிளம்பி அந்த ஊர் அலுவலகத்துக்குப் போய்விடட்டும். மாலை வரை போன் செய்ய வேண்டாம். நீயும் பாப்பாவும் மட்டும். எங்கும் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். அந்த நாட்களில் உன் மனம் எப்படி இருக்கிறது என்று கவனி. மதியம் மூன்று மணிக்கு என்ன தோன்றுகிறது, யாரிடமாவது பேச வேண்டும்போல் இருக்கிறதா, வெளியே போக மனம் வருகிறதா, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கத் தோன்றுகிறதா என்று பார். குடிபோன பிறகு உன் வாரத்தில் ஐந்து நாள் இப்படித்தான் இருக்கும். இந்தப் பயணத்தில் வேறு எதை விட்டாலும் இதை விடாதே.

பாப்பாவைக் கூட்டிப்போவதா என்று கேட்டாய். ஒன்பது வயது ஆகிவிட்டது, கூட்டிப்போ. நாடு மாறுவது அவளுக்கும்தான். இந்த வயது வேறொரு வகையிலும் முக்கியம். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுவார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் பொதுவாக ஆறாம் வகுப்புக்குப் பிறகு. மொழி தெரியாமல் சரியாக அந்த நேரத்தில் போய் இறங்கும் பிள்ளையை எங்கே சேர்ப்பார்கள், முதல் வருடம் மொழி கற்க என்ன உதவி உண்டு என்று பள்ளியிலேயே நேரில் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் அரசுப் பள்ளி இடத்துக்குப் போட்டி இருந்தால் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் முக்கியமாகிவிடும். அதனால் முதலில் வீடு, அப்புறம் பள்ளி என்று தனித்தனியாக யோசிக்காதே. எந்தப் பள்ளியையும் கிளம்பும் முன்பே மின்னஞ்சலில் நேரம் கேட்டுவிட்டுப் போ. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள் என்றும் பார்.

வீடு விஷயத்தில் மட்டும் ஆசையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். இந்தப் பயணத்திலேயே வாடகை ஒப்பந்தம் போட்டுவிட்டு வர நினைப்பவர்கள் பாதி நாளை அதிலேயே தொலைக்கிறார்கள். ஜெர்மனியில் உள்ளூர் சம்பளச் சீட்டும் ஷூஃபா என்ற கடன் வரலாற்று அறிக்கையும் கேட்பார்கள். புதிதாக வருகிறவரிடம் இரண்டும் இருக்காது. அதனால் முதல் சில மாதங்களுக்குத் தற்காலிக வீடுதான், அந்த முகவரியில் குடியிருப்பதாக ஊர் நிர்வாக அலுவலகத்தில் பதிந்துகொள்ள வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று மட்டும் உறுதி செய்துகொள். நீங்கள் செய்ய வேண்டியது பகுதிகளைத் தெரிந்துகொள்வது. சில வீடுகளை உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே பல வாடகை வீடுகளில் சமையலறை அலமாரியோ சிங்க்கோகூட இருக்காது, பழைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகையில் ஹீட்டிங் செலவு சேர்ந்ததா இல்லையா என்பதையும் கேட்க வேண்டும். பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பச் சொல்கிறவர் எவராக இருந்தாலும் அதோடு பேச்சை நிறுத்திவிடு.

மனிதர்களைச் சந்திப்பதற்கும் நேரம் ஒதுக்கு. பத்து வருடமாக இருப்பவர்கள் அன்பாகப் பேசுவார்கள், ஆனால் முதல் வருடத்தை மறந்திருப்பார்கள். வந்து ஒன்றிரண்டு வருடமே ஆன, கணவர் வேலைக்காகத் தன் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடி. அங்கே மறுபடி பதிவு பெற்று வேலை செய்யும் ஒரு பிசியோதெரபிஸ்டையும் பார். எத்தனை மாதம் ஆனது, அதுவரை வீட்டில் என்ன செய்தார், எந்த நாளில் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது என்று கேள். நேரில் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள், மெசேஜில் சொல்ல மாட்டார்கள்.

கிளம்பும் முன் நீயும் அவரும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள்: என்ன தெரியவந்தால் நாம் போக வேண்டாம் என்று முடிவெடுப்போம்? ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. போய்வந்த பிறகு பிரித்துப் படியுங்கள். இதை முன்கூட்டியே செய்யாவிட்டால், அவ்வளவு செலவு செய்து போய்வந்தோமே என்பதற்காகவே எல்லாக் குறையையும் சின்னதாக்கிச் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இரண்டு பேருக்கும் சமமாக இருக்க வேண்டும், அதை அவரிடம் இப்போதே வாய்விட்டுப் பேசிவிடு. அதுவரை ராஜினாமா கொடுக்காதே, பாப்பாவின் பள்ளியில் டி.சி. கேட்காதே, உறவுக்காரர்களிடம் தேதி சொல்லாதே. ஊரே வாழ்த்திய பிறகு பின்வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, கோபித்துக்கொள்ள மாட்டார். எச்.ஆர். என்ன சொன்னார்கள், எந்த நாடு மிஞ்சியது என்று தெரிந்ததும் எனக்கு எழுது. டிக்கெட் போடும் முன் தேதிகளையும், தங்க நினைக்கும் பகுதியின் பெயரையும் அனுப்பு. அங்கே இருக்கும் என் தோழிகளில் யாரை நீ பார்க்கலாம் என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா