சஃப்ரான் என்றால் இங்கே மஞ்சள்

சேன்ட் ஆந்த்ரே, ரெயூனியன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அப்பாவுக்கு முட்டி வலி தேவலையா?

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அம்மா எனக்குக் கோழிக் 'கறி' வைக்கக் கற்றுக்கொடுத்தார். இந்தப் பிரெஞ்சுத் தீவில் இப்படி வதக்கி வேகவைத்துச் சோற்றோடு சாப்பிடுகிற எல்லாமே கறிதான். வெங்காயம், பூண்டு, இஞ்சி, தக்காளி வதங்கியதும், "இப்போது சஃப்ரான் போடு" என்றார். எனக்குத் திக்கென்றது. நாம் படித்த பிரெஞ்சில் சஃப்ரான் குங்குமப்பூ அல்லவா? அதையா கோழியில் கொட்டுவார்கள்? அவர் டப்பாவைத் திறந்து கரண்டி நிறைய அள்ளினார். பார்த்தால் மஞ்சள் தூள்! பிரெஞ்சுக்காரர்கள் மஞ்சளை 'இந்திய சஃப்ரான்' என்றார்கள். இந்தத் தீவில் 'இந்திய' உதிர்ந்துபோய் சஃப்ரான் மட்டும் நிற்கிறது. ப்ளேன் தே க்ரேக் என்ற மலை ஊரில் விளைவதுதான் ஒசத்தியாம்.

எள்ளின் நெய்தான் எண்ணெய் என்று அப்பா சொல்வாரே, அதுதான் ஞாபகம் வந்தது. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்கிறோம், எள்ளை யார் நினைக்கிறோம்?

அப்புறம் அவர் கொல்லைக்குப் போய் ஒரு கொத்து இலை ஒடித்து வந்து "கலுப்பிலே" என்றார். கறிவேப்பிலை, அம்மா! அவருக்குத் தமிழ் ஒரு வரிகூடத் தெரியாது. 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்ட வேலைக்காக நம் காரைக்காலிலும் பாண்டிச்சேரியிலும் கப்பல் ஏறினார்களே, அவர்கள் வழி வந்தவர். பேச்சு போய்விட்டது. தினமும் அடுப்படியில் கேட்டு வாங்க வேண்டிய இலைக்கு மட்டும் பெயர் தங்கிவிட்டது. பீர்க்கங்காயும் இங்கே 'பிப்பங்காய்'தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நம்மவர்களை இங்கே 'மல்பார்' என்கிறார்கள். மலையாளக் கரையின் பெயர் நமக்கு எதற்கு என்று முதலில் கோபம் வந்தது. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழையே மலபார் மொழி என்றுதான் எழுதினார்களாம். ஆனால் இந்த அம்மா "நான் மல்பார்" என்று நிமிர்ந்து சொல்லும்போது, அது தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சஃப்ரானுக்குத் தமிழில் என்ன என்று கேட்டார். "மஞ்சள். நிறத்துக்கும் அதுதான் பேர்" என்றேன். "மன்சால், மன்சால்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே தன் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தார். கழுவியும் கறை போகவில்லை.

உன் அன்பு மகள்